கண்ணாடிக்குள் ஒரு குளம்

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு குளமோ ஊருணியோ உண்டு. அதன் படித்துறையில் அமர்ந்து, காலைக் கடிக்க வரும் சிறு மீன்களைப் பார்த்துப் பொழுது போக்காத பிள்ளைகள் அரியர். பிழைப்பை நாடி மும்பைக்கு வந்து, தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் குடியேறிய நம்மவருக்கு வீடு கிடைத்தது, வேலை கிடைத்தது, குளம் மட்டும் கிடைக்கவில்லை. ஆகவேதான், கிராஃபோர்டு சந்தைக்கோ குர்லாவுக்கோ சென்று, ஓர் உருண்டைக் கண்ணாடிச் சாடியும் இரண்டு பொன்மீன்களும் வாங்கி வருகிறோம். பத்து நாட்கள் கழிகின்றன. ஒரு நாள் காலையில் மீன்கள் வயிறு மேலாக மிதக்கின்றன. குழந்தை அழுகிறது. “நம் வீட்டுக்கு மீன் ராசியில்லை” என்று பெரியவர்கள் கூறிச் சாடியைப் பரண்மேல் ஏற்றிவிடுகிறார்கள்.

இதில் ராசிக்கு இடமே இல்லை. அம்மீன்கள் ஏன் இறந்தன என்பதற்கு விடை உண்டு. அவ்விடையைக் கண்டறிய மனித இனத்துக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பிடித்தன. அந்த வரலாற்றை அறிந்தவர், ஒரு சிறு தொட்டியில் செடியும் மீனும் வளர்க்கும் முறையையும் உடன் அறிந்தவராகிறார்.

பொன்மீனை வளர்க்கும் வழக்கம் சீன நாட்டில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தோன்றியது. குளத்து மீன்களுள் பொன்னிறம் கொண்டவற்றைத் தேர்ந்து, அவற்றையே இனப்பெருக்கம் செய்வித்துச் சீனர் இவ்வினத்தை உருவாக்கினர். அங்கிருந்து ஜப்பானுக்கும், பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கும் பொன்மீன் சென்றது. செல்வர் மாளிகைகளில் கண்ணாடிச் சாடிகளில் அது நீந்தியது. ஆயினும் நாள்தோறும் நீரை மாற்றினாலன்றி அது உயிர் வாழவில்லை. ஏன் என்று எவருக்கும் தெரியவில்லை.

முதல் விடை மீனிடமிருந்து வரவில்லை, செடியிடமிருந்து வந்தது. 1771-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி என்பவர், மெழுகுவர்த்தி எரிந்து அணைந்த மூடிய பாத்திரத்துக்குள் ஒரு புதினாக் கொழுந்தை வைத்தார். சில நாட்களுக்குப் பின் அதே காற்றில் மீண்டும் மெழுகுவர்த்தி எரிந்தது. செடி, கெட்ட காற்றைத் திருத்துகிறது என்பது புலனாயிற்று. 1779-இல் யான் இங்கென்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர், நீரில் மூழ்கிய இலைகள் வெயிலில் மட்டுமே நல்ல காற்றைக் குமிழிகளாக வெளிவிடுகின்றன என்றும், இருளில் அவையும் காற்றைக் கெடுக்கின்றன என்றும் காட்டினார். நாம் பள்ளியில், வேலம்பாசியைப் புனலால் மூடி, சோதனைக் குழாயைக் கவிழ்த்து, வெயிலில் வைத்துப் பிராணவாயுக் குமிழிகளை எண்ணினோமே, அச்சோதனைக்கு மூலவர் இவரே. இவர் கண்ட இரண்டாவது உண்மையை, இருளைப் பற்றிய உண்மையை, பின்வந்தோர் சற்றே மறந்தனர். அதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

1829-ஆம் ஆண்டை ஒட்டி, லண்டனில் நதானியல் வார்டு என்ற மருத்துவர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண் நிறைந்த புட்டியில் இட்டு மூடி வைத்தார். பூச்சிக்காகக் காத்திருந்தவர் கண்டது, மண்ணிலிருந்து தானே முளைத்த ஒரு பெரணிச் செடியையும் புல்லையும். லண்டன் புகையில் வெளியே வாடிய பெரணி, மூடிய கண்ணாடிக்குள் செழித்தது. இதிலிருந்து பிறந்தது ‘வார்டு பெட்டி’. இக்கண்ணாடிப் பெட்டிகளில்தான் சீனத்துத் தேயிலைக் கன்றுகள் 1840-களின் இறுதியில் இமயமலைச் சரிவுகளுக்கு வந்தன. 1860-களில் நீலகிரிக்குச் சின்கோனாக் கன்றுகள் வந்தன. காய்ச்சலுக்குக் கொயினா தந்த மரங்கள் நம் மலையில் வேரூன்றியதில் இப்பெட்டிக்கும் பங்கு உண்டு.

நீருக்குள்ளும் இதே முயற்சி நடந்துகொண்டிருந்தது. ஜான் வில்பிரோ பவர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி, தையற்கலைஞராக வாழ்வைத் தொடங்கியவர், சிசிலித் தீவின் மெசினா நகரில் குடியேறினார். 1832-இல் அவர் கடலுயிர்களை ஆராய்வதற்கென்றே கண்ணாடித் தொட்டிகளை அமைத்தார். ஆர்கோனாட் என்னும் கணவாய் இனம் தன் ஓட்டைப் பிற உயிரிடமிருந்து திருடுகிறதா, தானே செய்துகொள்கிறதா என்ற நெடுநாள் வழக்கை, தானே செய்துகொள்கிறது என்று தொட்டியின் முன் அமர்ந்து தீர்த்து வைத்தார்.

அடுத்து வருபவர் ராபர்ட் வாரிங்டன். லண்டன் ரசாயன அறிஞராகிய இவர், 1849-இல் பன்னிரண்டு கேலன் கொள்ளும் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் நீரும் மணலும் சேறும் இட்டு, வாலிஸ்நேரியா என்னும் நாடா போன்ற நீர்ச்செடியை நட்டு, இரண்டு சிறு பொன்மீன்களை விட்டார். நீரை மாற்றாமலே மீன்கள் வாழ்ந்தன. ஆனால் பழுத்த இலைகள் அழுகி நீர் கலங்கலாயிற்று, கண்ணாடி வழுவழுத்தது. அவர் ஒரு குளத்து நத்தை இனத்தை அதனுள் விட்டார். நத்தைகள் அழுகிய இலையையும் பாசியையும் தின்று தீர்த்தன, நீர் தெளிந்தது, நத்தை முட்டைகள் மீன்களுக்கு உணவாயின. செடி, மீன், நத்தை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்ற முடிவை 1850-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ரசாயனக் கழகத்தின்முன் படித்தார். செடி நட்ட மீன்தொட்டியின் பிறந்தநாள் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அதைச் சொல்லலாம்.

காலமும் இதற்குத் துணை செய்தது. பிரிட்டனில் கண்ணாடிமீது விதித்திருந்த வரி 1845-இல் நீக்கப்பட்டமையால் கண்ணாடி மலிந்தது. 1853-இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் பொதுமக்களுக்கான மீன் இல்லம் திறக்கப்பட்டது. மறு ஆண்டில் ஃபிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல், ‘அக்வேரியம்’ என்ற பெயரை உலகில் நிலைநாட்டியது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இச்சொல்லில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. பழைய லத்தீனில் இச்சொல்லுக்குக் கால்நடைகள் நீர் அருந்தும் இடம் என்பதே பொருள். நம் மக்கள் எந்தப் புலவரையும் கேளாமல், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டியின் பெயரையே எடுத்து ‘மீன்தொட்டி’ என்று வழங்கிவிட்டார்கள். ‘மீன் காட்சியகம்’ என்று அலுவலகக் கோப்பில் எழுதுகிறோம். வீட்டில் இருப்பது என்றும் மீன்தொட்டிதான்.

நம் நாட்டிலும் இக்கலை விரைவில் கால்கொண்டது. சென்னை ஆளுநர் ஆம்ப்தில் பிரபுவின் காலத்தில் எழுந்த எண்ணத்தின்படி, மெரீனாக் கடற்கரையில் 1909-ஆம் ஆண்டில் ஒரு கடல்மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. ஆசியாவிலேயே முதன்மையானவற்றுள் ஒன்றாக அது போற்றப்பட்டது. 1942-இல் ஜப்பானியர் தாக்குவர் என்ற அச்சத்தில் சென்னை நகரம் காலியானபோது அதன் பணியும் தடைபட்டது. அந்நாளைய பம்பாயிலோ, தாராபோர்வாலா என்னும் பார்சி வள்ளலின் பெயர் தாங்கிய காட்சியகம், சுமார் எட்டு லட்சம் ரூபாய்ச் செலவில் மரீன் டிரைவில் எழுந்தது. 1951-இல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் அதைத் திறந்து வைத்தார். ஊரிலிருந்து உறவினர் வந்தால், ராணியின் பூங்காவுக்கும் இந்தியாவின் நுழைவாயிலுக்கும் அடுத்தபடியாக அவர்களை அழைத்துச் சென்ற இடம் அது. புதுப்பிக்கப்பட்டு 2015-இல் மீண்டும் திறந்த அக்காட்சியகம், 2020-இல் பெருந்தொற்றின்போது மூடப்பட்டது. பழுதுற்ற கட்டடத்தை இடித்துப் புதிதாக எழுப்பும் திட்டங்கள் பின்னர்ப் பேசப்பட்டன. பெருங்காட்சியகங்கள் போருக்கும் நோய்க்கும் உட்பட்டவை. வீட்டு மூலையில் உள்ள சிறு தொட்டியோ, அதைக் காப்பவர் இருக்கும்வரை இருக்கும்.

இனி, பரண்மேல் ஏறிய சாடிக்குத் திரும்புவோம். வாரிங்டனின் கொள்கை அழகியது, ஆனால் முழுமையானதன்று. செடி பிராணவாயு தரும், மீன் கரியமில வாயு தரும், இரண்டும் சமனானால் தொட்டி தானே நடக்கும் என்று நூறாண்டுக் காலம் மக்கள் நம்பினர். 1949-இல் அமெரிக்கரான ஜேம்ஸ் அட்ஸ் இந்த நம்பிக்கையைக் கட்டுக்கதை என்றே மறுத்தார். தொட்டிக்கு வேண்டிய பிராணவாயுவில் பெரும்பகுதி காற்றிலிருந்து நீரின் மேற்பரப்பு வழியாகவே இறங்குகிறது. கரியமில வாயுவும் அவ்வழியே வெளியேறுகிறது. விளக்கு அணைந்தபின், இங்கென்ஹவுஸ் சொன்னபடியே, செடியும் மீனைப் போலப் பிராணவாயுவை உண்கிறது. கழுத்துவரை நீர் நிரப்பிய உருண்டைச் சாடியில் மேற்பரப்போ ஒரு சிறு தட்டளவே. அதில் மீன் மூச்சுத் திணறுவதில் வியப்பில்லை.

மூச்சைவிடப் பெரிய பகை மற்றொன்று. மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவைக் கழிக்கிறது. தின்னாமல் விட்ட தீனியும் அழுகி அம்மோனியா ஆகிறது. இது சிறிதளவிலேயே மீனைக் கொல்லும் நஞ்சு. இயற்கைக் குளத்தில் இது என்ன ஆகிறது என்பதற்கு விடை தந்தவர் ரஷ்ய விஞ்ஞானி செர்கேய் வினோகிராட்ஸ்கி. 1890-ஐ ஒட்டிய ஆராய்ச்சியில், அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும் நுண்ணுயிர்களையும், நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும் வேறு நுண்ணுயிர்களையும் அவர் பிரித்துக் காட்டினார். நைட்ரைட்டும் நஞ்சே. நைட்ரேட்டு அத்துணைக் கொடியதன்று. அது செடிக்கு எருவாகும். செடிகள் அம்மோனியாவையும் நேரே உறிஞ்சிக்கொள்ளும். செடி மீனுக்குச் செய்யும் பேருதவி, காற்று அளிப்பதைவிடக் கழிவை உண்பதே ஆகும்.

இந்நுண்ணுயிர்கள் மணலிலும் கல்லிலும் இலையிலும் ஒட்டி வாழ்பவை. புதிய தொட்டியில் அவை பெருக மூன்று முதல் ஆறு வாரங்கள் ஆகும். நாம் செய்வது யாது? வாங்கிய அன்றே மீனை விடுகிறோம். நீர் சற்றுக் கலங்கினால், துப்புரவு என்று கருதி, சாடியையும் கல்லையும் தேய்த்துக் கழுவி, குழாய் நீரை நிரப்புகிறோம். உதவிக்கு வந்த நுண்ணுயிர் அத்தனையும் ஒழிகின்றன. மீன் வாடுவதைக் கண்டு இரக்கப்பட்டு இன்னும் ஒரு பிடி தீனி போடுகிறோம். அன்பினாலேயே கொல்கிறோம் என்பது மிகையன்று. இவ்வுண்மையைப் பெரிய அளவில் காண விரும்புவோர் வால்கேசுவரத்தில் உள்ள பாண்கங்கைத் திருக்குளத்தை நினைக்கலாம். மகாளய பட்சத்தில் நீரில் இடப்பட்ட படையல்கள் அழுகியதை அடுத்து அங்கு மீன்கள் திரளாக இறந்ததாகச் செய்திகள் ஒருமுறைக்கு மேல் வந்துள்ளன.

இவ்வளவும் அறிந்தபின் தொட்டி அமைப்பது எளிது. ஒன்றரை அடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள செவ்வகத் தொட்டி தொடக்கத்துக்கு ஏற்றது. முன்பு இரும்புச் சட்டமும் மக்கும் கொண்டு செய்த தொட்டிகள் துருப்பிடித்து ஒழுகின. 1960-களுக்குப் பின் பரவிய சிலிக்கோன் பசையால் இன்று சட்டமில்லாத தொட்டி மலிவாகக் கிடைக்கிறது. அது சுமார் நாற்பது லிட்டர் கொள்ளும். மணலும் கண்ணாடியும் சேர்ந்தால் எடை ஐம்பது கிலோவைத் தாண்டும். ஆகையால் ஆடாத மேசையின்மேல், நேர் வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும்.

அடியில் ஓர் அங்குல அளவு எரு கலவாத தோட்டமண். அதன்மேல் நன்கு கழுவிய ஆற்றுமணல் ஒன்றரை அங்குலம். மணலின்மேல் ஒரு தட்டை வைத்து, நீரை அத்தட்டின்மேல் மெல்ல ஊற்றினால் மண் கலங்காது. 1860-இல் விகார் ஏரியிலிருந்து தொடங்கிய மும்பையின் குழாய் நீர், இன்று குளோரின் கலந்து நமக்கு வருகிறது. நமக்கு நன்மை செய்யும் அக்குளோரின் மீனுக்கும் நுண்ணுயிர்க்கும் தீங்கானது. அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுதும் திறந்து வைத்த நீரையே ஊற்றுக. விரைவு வேண்டுவோருக்குக் குளோரின் நீக்கும் துளிமருந்து கடைகளில் உண்டு.

செடிகளை முதல் நாளே நெருக்கமாக நடுக. பின்புறத்தில் வாலிஸ்நேரியாவும் வேலம்பாசியும், முன்புறத்தில் கிரிப்டோகொரைனியும் போதும். இம்மூன்றாவது இனத்தின் பல வகைகள் இலங்கையிலும் நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலும் இயல்பாக வளர்பவை, நிழலையும் பொறுப்பவை. விளக்கு நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். மிகுந்தால் பச்சைப் பாசி கண்ணாடியை மூடும்.

பிறகு செய்ய வேண்டியது காத்திருத்தல். நான்கு வாரங்கள் செடிமட்டும் வளரட்டும். இதற்கு ஒரு குறுக்குவழியும் உண்டு. தயிர் தோய்க்க அடுத்த வீட்டில் உறைமோர் வாங்குவோம் அல்லவா? அதுபோல, நெடுநாள் நோயின்றி நடக்கும் ஒரு நண்பர் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி மணல் வாங்கி நம் தொட்டியில் இட்டால், நுண்ணுயிர்கள் அதனுடன் வந்து விரைவில் பெருகும். அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதிக்கும் மருந்துப் பெட்டியும் கடையில் கிடைக்கும். இரண்டும் இல்லை என்று அது காட்டிய பின்னரே மீன் வர வேண்டும். முதலில் இரண்டோ மூன்றோ விட்டு, சில நாட்கள் கழித்து மற்றவற்றைச் சேர்க்கலாம். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே தீனி. வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மட்டும் மாற்றுக. மணலைத் தோண்டிக் கழுவ வேண்டா.

எந்த மீனை விடலாம்? பொன்மீன் பெரிதாக வளர்வது, செடியையும் தின்பது, சிறு தொட்டிக்கு ஆகாது. வரிமீன் எனத்தக்க ‘ஜீப்ரா’ மீன் ஆறு போதும். கங்கைச் சமவெளியின் மீன்களை ஆராய்ந்த ஃபிரான்சிஸ் ஹாமில்டன் 1822-இல் இதை உலகுக்கு அறிவித்தார். நம் நாட்டு ஓடைகளில் பிறந்த இச்சிறு மீன், இன்று உலக ஆய்வுக்கூடங்களில் உயிரியல் ஆராய்ச்சிக்கு உதவுகிறது. மும்பை கொலாபாவில் உள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்திலும் இதை ஆராய்கின்றனர்.

அழகைமட்டும் கண்டு மயங்கலாகாது என்பதற்கு மற்றொரு மீன் சான்று. சென்னை ராணுவ மருத்துவப் பணியில் இருந்த ஃபிரான்சிஸ் டே, 1865-இல் திருவிதாங்கூர் மலையடிவாரத்தில் கிடைத்த ஒரு செங்கோட்டு மீனுக்கு, அன்றைய சென்னை ஆளுநர் டெனிசனின் பெயரைச் சூட்டினார். ‘மிஸ் கேரளா’ என்று உலகச் சந்தையில் பெயர் பெற்ற இம்மீனைத் தொட்டிக்காக ஆறுகளிலிருந்து வாரி எடுத்தமையால், அது அழியும் நிலையில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. இத்துன்பம் புதிதன்று. காஸின் நூலைப் படித்த மக்கள் இங்கிலாந்துக் கடற்கரைப் பாறைக் குட்டைகளைச் சூறையாடினர். தந்தை காட்டிய அக்கரை பாழானதை அவர் மகன் எட்மண்ட் காஸ் 1907-இல் வருந்தி எழுதினார். அழகைப் போற்றுவதற்காக எழுதிய நூலே அழகின் அழிவுக்கு வழிகாட்டியது!

எடுப்பதில் உள்ள தீங்கு விடுவதிலும் உண்டு. மும்பையின் பவாய் ஏரியை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரை, தென் அமெரிக்காவிலிருந்து பூவின் அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட செடியே. கண்ணாடியைத் துப்புரவாக்கும் என்று வாங்கும் ‘சக்கர்’ மீன், தொட்டிக்கு மேல் வளர்ந்ததும் ஏரியில் விடப்பட்டு, நம் நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் உள்ளூர் மீன்களை நெருக்குகிறது. பாவம் என்று ஏரியில் விடுவது, அம்மீனுக்குச் செய்யும் புண்ணியம்போலத் தோன்றலாம்; ஏரிக்கு அது தீமை. வேண்டாத மீனை வாங்கிய கடைக்கோ, வளர்க்கும் நண்பருக்கோ கொடுங்கள். கழித்த செடியை வெயிலில் உலர்த்திக் குப்பையில் இடுங்கள், சாக்கடையில் விடாதீர்கள்.

ஜப்பானியக் கலைஞர் தகாஷி அமானோ, செடிகளால் நீருக்குள் மலையும் வனமும் படைத்து இக்கலையைப் புகழின் உச்சிக்கு ஏற்றினார். 2015-இல், தாம் மறைந்த ஆண்டில், லிஸ்பன் நகரக் காட்சியகத்தில் அவர் அமைத்த நீரடிக் காடு நாற்பது மீட்டர் நீளமுடையது. அவர் தொட்டியிலும் பாசியைத் தின்று உழைத்தவை சிறு இறால்களே. வாரிங்டனின் நத்தைகள் செய்த அதே வேலை. நாற்பது மீட்டரானாலும் ஒன்றரை அடியானாலும் நியதி ஒன்றே.

ஆகவே, நேயர்களே, பரண்மேல் ஏறிய உருண்டைச் சாடியை அங்கேயே விடுங்கள். அடுத்த முறை குழந்தை மீன் கேட்டால், முதலில் ஒரு செவ்வகத் தொட்டியும் நான்கு செடிகளும் வாங்கிக் கொடுங்கள். செடி புதுத் துளிர் விடும்வரை காத்திருக்கக் குழந்தைக்குக் கற்றுக்கொடுங்கள். அந்த நான்கு வாரப் பொறுமைதான் மீனுக்கு நாம் அளிக்கும் முதல் தீனி.